குழந்தைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

"கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, குழந்தை தங்கல டாக்டர். இப்ப தைராய்டுன்னு சொல்றாங்க. கழுத்துல இருக்கறதுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?"

திருத்தணியில வைத்தியம் பாக்கற எனக்கு இந்தக் கேள்வி தமிழ்லயும் வரும், தெலுங்குலயும் வரும். எல்லை ஊர், அப்படித்தான். ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லி அனுப்பிடலாம். ஆனா அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையில ஒரு முக்கியமான பகுதி நம்ம குன்னூர்ல நடந்தது. இன்னொரு பகுதி உங்க வீட்டு உப்பு ஜாடியில இன்னைக்கும் நடந்துக்கிட்டு இருக்கு. அதனால இது கொஞ்சம் நீளமான இழை. காபியோட உட்காருங்க. (தைராய்டு மாத்திரை போடுறவங்களா இருந்தா, போட்டு அரை மணி நேரம் ஆச்சான்னு பாத்துட்டு காபி குடிங்க.)

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிற சுரப்பி. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரை அது எதற்கு இருக்கிறது என்றே டாக்டர்களுக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் கழுத்துக் கழலை ரொம்ப சகஜம். பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கழலைகளை முழுசா வெட்டி எடுத்தார். கை ரொம்ப சுத்தமான கை, ஆபரேஷன் அருமையாக முடியும். ஆனால் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, குளிர் தாங்காமல், மெதுவாக நடக்கிற மனிதர்களாக மாறியிருந்தார்கள். 1883-ல் இதை அவரே வெளிப்படையாக எழுதினார். தான் செய்த ஆபரேஷனோட கெடுதலைத் தானே எழுதின அந்த மனுஷனுக்குத்தான் 1909-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டைச் சாறாக்கி, இதே மாதிரி மந்தமாகிப் போயிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தம்மா அதுக்கப்புறம் 28 வருஷம் உயிரோட இருந்தாங்க. 1895-ல் இந்தச் சுரப்பிக்குள் அயோடின் இருக்கிறது என்று பௌமன் கண்டுபிடித்தார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்னைக்கு நீங்க காலையில வெறும் வயித்துல போடுற குட்டி மாத்திரை அந்த தைராக்சின்தான்.

சரி, கர்ப்பப்பைக்கு வருவோம்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளை சும்மா இருக்காது. "இன்னும் வேலை செய்"னு சுரப்பியை விரட்ட ஹைபோதலாமஸ் ஒரு தூதுவனை அனுப்பும். அந்தத் தூது பிட்யூட்டரியைத் தட்டினால் ரெண்டு கதவு திறக்கும். ஒன்று டிஎஸ்ஹெச். இன்னொன்று புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். பால் கொடுக்கிற அம்மாவுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சீக்கிரம் கரு தங்காது என்று நம்ம பாட்டிகளுக்குத் தெரியும். அதற்குக் காரணமான அதே புரோலாக்டின், குழந்தையே பிறக்காத பெண்ணின் உடம்பில் ஏறி நின்றால் என்ன ஆகும்? மாதாமாதம் வெளிவர வேண்டிய கருமுட்டை வராது. மாதவிடாய் ஒழுங்கு தவறும், சிலருக்கு உதிரம் அதிகமாகப் போகும். கரு உண்டானாலும் கலைகிற வாய்ப்பு கூடும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் பிரச்சினைதான். கழுத்துக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவுல மூளைன்னு ஒரு தபால் ஆபீஸ் இருக்கு, அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்போ குன்னூர்.

ராபர்ட் மெக்கரிசன் என்ற ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட்டுக்குப் போனார். காஷ்மீருக்கும் வடக்கே, மலைக்குள்ள. ஒரே ஓடை வழியாக வரிசையாக கிராமங்கள். மேலே இருக்கிற ஊரில் கழலை குறைவு, தண்ணீர் கீழே இறங்க இறங்க கழலை அதிகம். தண்ணீரில்தான் ஏதோ இருக்கு என்று நினைத்தார். வண்டல் கலந்த அந்தத் தண்ணீரைத் தானும் குடித்தார், மற்றவர்களையும் குடிக்க வைத்துப் பார்த்தார். அசுத்தம், கிருமி என்றுதான் அவர் மனசு ஓடியது. அயோடின் பற்றாக்குறைதான் மூலகாரணம் என்கிற இன்றைய முடிவுக்கு அவர் முழுசா வரவில்லை. ஆனாலும் கழலை ஊருக்கே வரும் நோய், அதை ஊரோட சாப்பாட்டிலும் தண்ணீரிலும்தான் தேடணும்னு விடாப்பிடியா தேடினவர் அவர்.

அவர்தான் பிறகு நீலகிரிக்கு வந்து குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரு சின்ன ஆய்வு அறையைத் தொடங்கினார். சிம்ஸ் பார்க் பாக்கப் போறவங்க எதிர்ல அந்தக் கட்டடத்தைப் பாத்திருப்பீங்க. அந்தச் சின்ன அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இந்தியாவுல யாரு என்ன சாப்பிடணும்னு சொல்ற நிறுவனத்துக்கு வேர் நம்ம மலையில.

அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் பின்பாதியில் வந்து சேர்ந்த ஓர் இளைஞர் வி. ராமலிங்கசுவாமி. 1921-ல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். நோய்க்கூறு இயல் அவர் துறை. பிறகு டெல்லி எய்ம்ஸ் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். என்னைக் கேட்டா, இந்தியாவில் ஒரு டாக்டர் எத்தனை பேரைத் தொட முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கஷ்டம். இவர் தொட்டது உப்பு வழியா.

1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அவரும் குழுவினரும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் 1 லட்சம் மக்கள். பள்ளத்தாக்கை மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்கு பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, மூன்றாவதற்கு வெறும் உப்பு. அஞ்சு வருஷம் கழித்துப் பார்த்தால் அயோடின் உப்பு போன ரெண்டு மண்டலத்திலும் கழலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. வெறும் உப்பு மண்டலத்தில் இறங்கவே இல்லை. பிறகு அந்த மண்டலத்துக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் இறங்கியது. அஞ்சு வருஷம் ஒரு மண்டலத்தைக் காக்க வைத்தது இன்றைய நெறிமுறைக் குழு முன்னால் போனால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாடு முழுக்க உப்பை மாற்றச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்க அப்போது வேற ஆதாரம் இருக்கவில்லை.

இந்த அயோடேட்டுக்கு இன்னொரு முக்கியத்துவம். அயோடைடு நம்ம வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் பறந்துபோகும். அயோடேட் அதைவிட நல்லா தாக்குப்பிடிக்கும். இந்தியா அயோடேட்டைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

காங்ராவில் அந்தச் சோதனை ஓடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் திருத்தணி வேறொரு சோதனையில் இருந்தது. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போயிருந்த இந்த ஊரை மீட்க மங்கலங்கிழாரும் ம.பொ.சி-யும் போராடினார்கள். படாஸ்கர் தலையிட்டு, எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு இது சொந்தக் கதை. இதை ஏன் இங்கே இழுக்கிறேன்னா, பின்னால எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரு கணக்கு வருது.

காங்ரா முடிவை வைத்து 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலும் இமயமலை அடிவாரத்துக்கு மட்டும். "தெற்கே கடல் இருக்கு, மீன் இருக்கு, அங்க எதுக்கு"ன்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை உடைத்தவற்றில் ஒன்று, எய்ம்ஸின் கொச்சுப்பிள்ளையும் குழுவினரும் உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதித்தது. அதுவரை எல்லாரும் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து வெளியே தெரிகிற சேதம். தெரியாத சேதம் பிறக்கும் குழந்தையின் மூளையில் இருந்தது. 1980-களின் நடுவில் நாடு முழுக்க எல்லா உப்பிலும் அயோடின் என்று முடிவானது. டாடா சால்ட் பாக்கெட் 1983-ல் கடைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். 1992-ல் திட்டத்தின் பெயரிலிருந்தே "கழலை" போய், "அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்" வந்தது.

பிறகு அரசியல். அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்க 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. 2000-ல் எடுத்தது. 2006 மே மாதம் மறுபடி போட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படி ஒரு விதி போட முடியாது என்றது. ஆனால் உடனே நிறுத்தாமல் ஆறு மாசம் தொடர அனுமதித்தது. புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளில் அந்தத் தடை இன்றும் இருக்கிறது. எதிர்த்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. சின்ன உப்பளக்காரரின் பிழைப்பு, பெரிய கம்பெனி பாக்கெட்டின் விலை, 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் கையில் அள்ளிய உப்பின் நினைவு, எல்லாம் அந்த எதிர்ப்பில் இருந்தது. உப்பு மேல கை வச்சா இந்த நாட்டுக்குக் கோபம் வரும். நியாயம்தான். ஆனால் வேதாரண்யத்து உப்பளத்துக்காரருக்கு அயோடேட் தெளிக்கும் இயந்திரமும் மானியமும் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது என்பது என் கருத்து.

இப்போ அந்தக் கணக்கு. 2018-19-ல் நாடு முழுக்க வீட்டு உப்பைப் பரிசோதித்தார்கள். போதுமான அயோடின், அதாவது 15 பிபிஎம்-க்குக் குறையாமல் இருந்த வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம் தமிழ்நாடு, 61.9. அதற்கு மேல் ஆந்திரா, 63.9. எந்தப் பக்கம் இருக்கணும்னு நாம சண்டை போட்ட எல்லைக்கு ரெண்டு பக்கமும் உப்புல ஒரே நிலைமை. ரெண்டு மாநிலமும் நீளமான கடற்கரையும் உப்பளமும் உள்ளவை என்பதுதான் வேடிக்கை. காரணமும் அதுதான்னு நினைக்கிறேன். உப்பு பக்கத்துல கிடைக்குது, மூட்டையில கல் உப்பு வருது, ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் கல் உப்புதான் ருசின்னு ஒரு பழக்கம்.

"கடல் உப்புல இயற்கையாவே அயோடின் இருக்குமே டாக்டர்?" நிறைய பேர் கேக்கறாங்க. கணக்கு போடலாம் வாங்க. 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு, சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின். அதில் ஒரு துளிகூட வீணாகாமல் உப்பில் தங்கினாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் வரும். ஒரு நாளைக்கு வேண்டியது 150. கர்ப்பிணிக்கு 250. 15 பிபிஎம் அயோடின் கலந்த உப்பு 10 கிராமில் சரியா 150 இருக்கும். (அதுக்காக உப்பை அதிகமா போட வேண்டாம், பிரஷர் டாக்டர் என்னைத் திட்டுவார். பால், முட்டை, மீனிலும் அயோடின் இருக்கு.) இமயமலை இந்துப்பும் இதே கதைதான், ரோஸ் கலரா இருக்கு, அவ்வளவே. கல் உப்பே வேணும்னா அயோடின் கலந்த கல் உப்பு கடையில கிடைக்குது, பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சு வாங்குங்க.

குழந்தைக்கு முயற்சி செய்யறவங்களுக்கு இது ஏன் முக்கியம்? கருவிலிருக்கும் குழந்தையின் சொந்தத் தைராய்டு வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதுவரை அதன் மூளைக்கு வேண்டிய தைராக்சின் முழுக்க அம்மாவுடையது. ஆனால் நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, வீட்டில் சொல்லி, டாக்டரைப் பார்க்கும்போது 8 வாரம் ஆகியிருக்கும். 1999-ல் அமெரிக்காவில் ஹேடோ குழுவினர் 25,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் சேமித்து வைத்த ரத்தத்தைத் திரும்பப் பரிசோதித்தார்கள். தைராய்டு குறைவாக இருந்தும் கர்ப்பத்தில் மாத்திரை எடுக்காத 48 பெண்களின் குழந்தைகளுக்கு, 7-9 வயதில், ஐக்யூ மற்றவர்களைவிட சராசரியா 7 புள்ளி குறைவாக இருந்தது. அந்த அம்மாக்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்குத் தைராய்டு இருக்குன்னே தெரியாது.

ஆனால் எல்லாப் பழியையும் உப்பு மேல போடவும் முடியாது. "அயோடின் உப்பு சாப்பிட்டா தைராய்டு சரியாயிடுமா?" என்றால், பெரும்பாலும் ஆகாது. இன்றைக்கு நம்ம ஊரில் பெண்களுக்கு வருகிற தைராய்டு குறைவில் பெரும்பகுதி, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. 1912-ல் ஜப்பானின் ஹகரு ஹஷிமோட்டோ நாலு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். அது சுயதாக்குதல் என்று புரிய 1956 வரை ஆனது. 2013-ல் வெளியான எட்டு நகர ஆய்வில் (சென்னையும் உண்டு) 5,376 பேரில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது, பெண்களுக்கு அதிகம். இதை வைத்து "அயோடின் உப்புதான் தைராய்டைக் கொண்டு வந்துச்சு"ன்னு வாட்ஸப்பில் ஒன்று சுத்துது. அயோடின் கூடும்போது இந்தச் சுயதாக்குதல் வகை கொஞ்சம் கூடும் என்பது டென்மார்க்கில் பார்த்த உண்மை. அதற்காக உப்பை மாற்றினால், மாத்திரையால் சரியாகிற ஒன்றுக்குப் பயந்து, எந்த மாத்திரையாலும் திரும்பாத ஒன்றை வாங்கிக்கொள்கிறோம். என் ஓட்டு உப்புக்குத்தான்.

வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கு, அது எங்க தொழிலுக்கு அவ்வளவு பெருமை இல்லாதது. 1930-களிலிருந்து 50-கள் வரை, குழந்தை இல்லை என்று வந்த பெண்களுக்கு மேலைநாட்டு டாக்டர்கள் தைராய்டுச் சாறு மாத்திரையைத் தாராளமாக எழுதினார்கள். ரத்தத்தில் ஹார்மோனை அளக்க அன்றைக்கு வழியில்லை. கொடுத்துப் பார்ப்போமே என்கிற வைத்தியம். இன்றைக்கு துல்லியமான டிஎஸ்ஹெச் பரிசோதனை இருக்கு, பழக்கம் மட்டும் முழுசா போகல. டிஎஸ்ஹெச் 2.8 வந்தால்கூட "உனக்குத் தைராய்டு" என்று பயமுறுத்தி அனுப்பிய சீட்டுகளைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் கர்ப்பத்தின் முதல் மூன்று மாசத்துக்கு 2.5-ஐ எல்லையாக வைத்தது உண்மை. 2017-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கமே அதைத் தளர்த்தி, உள்ளூர் அளவு இல்லாத இடத்தில் 4-ஐ ஒட்டி வைக்கலாம் என்றது. சுரப்பி நன்றாக வேலை செய்து, எதிர்ப்புப் புரதம் மட்டும் இருக்கிறவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் பிரசவ வாய்ப்பு கூடுமா என்று பிரிட்டனில் 952 பெண்களிடம் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களில் 37.4 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 37.9. வித்தியாசமே இல்லை. உண்மையான தைராய்டு குறைவுக்கு மாத்திரை அமிர்தம். எல்லாருக்கும் அது வரம் தராது.

வரம்னு சொன்னதும் ஞாபகம் வருது. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதைச் "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று சொல்வார்கள் முருகன் ஊர்க்காரர்கள். அகப்பை என்றால் உள்ளே இருக்கும் பை, கர்ப்பப்பை. சஷ்டி விரதம் இருங்க, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுங்க, 365 படியும் ஏறுங்க. விரதத்தன்னைக்கு மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. தண்ணியோட விழுங்குறதுதானே, எந்த விரதமும் கெடாது.

படி ஏறும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏறுறீங்க. பரிசோதனைக்கு மட்டும் ஏன் மனைவி தனியா வர்றாங்க? கட்டு கட்டா பெண்ணின் ரிப்போர்ட் இருக்கும், கணவனின் விந்துப் பரிசோதனை ஒண்ணுகூட இருக்காது. மூணாவது வருஷமே மாமியார் வீட்டுல ரெண்டாம் கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிருக்கும். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையும் ஒரு சின்ன மாத்திரையும் எடுக்காததால ஒரு பொண்ணுக்கு "மலடி"ன்னு பேர் வாங்கிக் கொடுத்த வீடுகள் உண்டு. ஆண்களுக்கும் தைராய்டு வரும், விந்தணுவையும் பாதிக்கும். ரெண்டு பேரும் வாங்க.

கடைசியா, மாத்திரை எடுக்கறவங்களுக்கு. கர்ப்பமானதும் தைராக்சின் தேவை முதல் சில வாரத்திலேயே கூடும் என்று 2004-ல் தெளிவானது. அதனால் நாள் தள்ளிப் போனதும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீங்க, உங்க டாக்டருக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க, அளவைக் கூட்டுவாங்க. பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச். "குழந்தைக்கு ஆகாது"ன்னு யாராவது நிறுத்தச் சொன்னா நிறுத்தாதீங்க. அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்கற இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும். எல்லாத்தையும் காலையில ஒண்ணா விழுங்கிட்டு "மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கல"ன்னு வர்றவங்க அதிகம். தைராய்டு மாத்திரை விடியக்காலையில, மத்த ரெண்டும் நாலு மணி நேரம் கழிச்சு.